தனியா ஒரு கேள்வி

"தங்கச்சி மட்டும் உள்ளே வரட்டும். மத்தவங்க வெளியே இருங்க" என்றார் வக்கீலம்மா.

லாரிக்காரருக்கு முகம் சுருங்கிப் போனது. "நானும் கூட இருக்கேனே மேடம். அது பயந்த சுபாவம்."

"பயந்த சுபாவம்னாதான் தனியாப் பேசணும்."

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பெஞ்சில் லாரிக்காரர் ஒரு ஓரம். மேனேஜரும் அவர் மனைவியும் இன்னொரு ஓரம். லாரிக்காரரும் தங்கச்சியும் சேர்ந்து அவர்களுடைய அம்மா வீட்டை விற்கிறார்கள். மேனேஜர் வாங்குகிறார். மேனேஜர் குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியாச்சு, சாமானெல்லாம் கட்டியாச்சு. இன்றைக்குப் பதிவு ஆபீஸ் மூடுவதற்குள் முடியவில்லை என்றால் நடுத்தெருதான்.

இந்த வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்ததே மேனேஜர்தான். வக்கீலம்மாவுக்கு ஒரு வழக்கம். சொத்தையோ உரிமையையோ யார் விட்டுக்கொடுத்தாலும் சரி, முதலில் தனியாக உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே?" மனசாரப் பதில் வந்தால்தான் டிராயரிலிருந்து பேனாவே வெளியே வரும். புரோக்கர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

கதவு திறக்கிற வழியாக இல்லை.

மேனேஜர் மனைவியின் பக்கம் சாய்ந்தார். ரகசியம் பேசுகிறாராம். அவர் ரகசியம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"பார்த்தியா? வரும்போதே அந்தப் பொண்ணு கண்ணு செவந்திருந்துச்சு. இந்த ஆளு மிரட்டித்தான் இழுத்துட்டு வந்திருக்கான். வாயைத் திறக்க விட்டானா அவளை?"

"ஏங்க, மெதுவாப் பேசுங்க. எங்கப்பா எனக்குக் கொடுத்த மனையையும் வித்துட்டு வந்து நிக்கிறோம். இது முறிஞ்சுபோனா..."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு பொண்ணு வயிறெரிஞ்சு கொடுக்குற வீட்டுல நான் எப்படிக் குடியிருப்பேன்?"

லாரிக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார். கதவுவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

உள்ளேயிருந்து விசும்பல் சத்தம்.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. நேராகவே கேட்டுவிட்டார். "இஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போடுறவங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு நேரம்?"

லாரிக்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அந்த ஆகிருதிக்கு ஒரு அறை விட்டால் மேனேஜர் தாங்கமாட்டார். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. வக்கீலம்மா எட்டிப் பார்த்தார்.

"உங்க தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க."

"நான் சொல்லலை?" மேனேஜர் துள்ளி எழுந்தார்.

"கட்டாயப்படுத்துறாங்களாம்" என்றார் வக்கீலம்மா. "யாருன்னு கேட்டா அண்ணன்தான்னு சொல்றாங்க. வித்த பணத்துல அவங்களுக்கு முக்கால் பங்கு, உங்களுக்குக் கால் பங்குன்னு எழுதச் சொன்னீங்களே, அதான். சரிபாதிக்கு மேல ஒரு பைசா வேண்டாம்னு ஒரே அழுகை."

"அடக் கிறுக்கே!" லாரிக்காரர் குரல் உடைந்துவிட்டது. வாசலில் நின்றபடியே கத்தினார். "படுத்துக்கிடந்த அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டினது யாரு? நானா? நான் ஊர் ஊரா லாரி ஓட்டிட்டுத் திரிஞ்சேன். பேசாமப் போடு!"

"அண்ணே..."

"போடுங்கிறேன்ல!"

அண்ணனும் தங்கச்சியும் சண்டை போட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, ஒரு வழியாகக் கையெழுத்து விழுந்தது.

மேனேஜர் அசடு வழிந்தார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. நான் ஏதோ பதற்றத்துல... முடிஞ்சுதா மேடம், கிளம்பலாமா? பதிவு ஆபீஸ் மூடிடப் போறாங்க."

"இன்னும் ஒரு கையெழுத்து இருக்கே" என்றார் வக்கீலம்மா. "நீங்க கேட்டுத் தயார் பண்ணின பேப்பர்தான். பணம் உங்க மனைவியோட மனையை வித்த பணம். வீடு உங்க பேர்ல மட்டும். பின்னாடி உரிமை கேக்க மாட்டேன்னு அவங்க எழுதித் தரணும்னு சொன்னீங்களே."

மனைவி சட்டென்று நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"அதுவா? அது சும்மா ஒரு இதுக்கு மேடம். ரெண்டு பேர் பேர்ல போட்டா நாளைக்கு அலைச்சல் பாருங்க. நான் காட்டுற இடத்துல போட்டுடுவா. என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"போட்டுடுவா மேடம்" என்றார் மேனேஜர்.

"அவங்க மட்டும் உள்ளே வரட்டும்."

கதவு சாத்திக்கொண்டது.

மேனேஜர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க யாருமில்லை. உட்கார்ந்தார். எழுந்தார். கதவுப் பக்கம் காதைக் கொடுத்தார். உள்ளே பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாருடையது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அவருக்குக் குப்பென்று வியர்த்தது.

லாரிக்காரர் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார். தன் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார். பிறகு, யாருக்கும் நோகாத குரலில் கேட்டார்:

"இஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போடுறவங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு நேரம்?"