ஆறு கிலோ எச்சு

“இருபத்தோரு கிலோ காட்டுதுங்ணா. ஆறு கிலோ எச்சு. மூவாயிரம் கட்டோணுங்க” என்றாள் லோகப்பிரியா, கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையின் நீலக் கயிற்றைத் திருகியபடி.

“ஏனம்மணி, டிக்கெட்டே ரெண்டாயிரந்தான். பொட்டிக்கு மூவாயிரமா? அது என்ன ஜன்னலோரம் உக்காந்துட்டு வருதா?”

முதல் ஆளாக நின்ற சுப்பண்ணனின் குரல் கோவை விமான நிலையம் முழுக்கக் கேட்டது. வரிசை சிரித்தது.

லோகப்பிரியா சிரிக்கவில்லை. மலிவு டிக்கெட் காசு எரிபொருளுக்கே பற்றவில்லை. பெட்டிக் கட்டணம்தான் கம்பெனியைப் பறக்க வைக்கிறது. இந்த மாதமும் நட்டமென்றால் கோவைக் கிளைக்குப் பூட்டு என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அவள் வேலைக்கும்தான்.

“கட்டலீனா இங்கியே எடுத்துப்போடுங்ணா.”

சுப்பண்ணன் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். முதலில் வந்தது ஒரு பட்டாபட்டி டவுசர். பின்னாலேயே அதன் தம்பிகள் மூன்று. அப்புறம் உடுமலைத் தேங்காய்கள் பளிங்குத் தரையில் நாலாபக்கமும் உருண்டோடின.

“ஐயோ, புடிங்க சாமி!”

ஒரு தேங்காயைத் துரத்திக் குனிந்தபோது அவர் காலருக்குள்ளிருந்து நீலக் கயிறு எட்டிப்பார்த்தது. நாலு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார். வேட்டியைத் தலையில் உருமாலாகக் கட்டினார். பெட்டியை மறுபடி வைத்தும் தராசு பதினைந்துக்கு இறங்கவில்லை. பலர் செல்போனில் படமெடுத்தார்கள்.

அடுத்து நின்ற பாலகோபாலின் கையை அவர் மனைவி நந்திதா கிள்ளினாள். “ஏனுங்க, எல்லாரு முன்னாடியும் என்ற பொட்டியத் தொறந்தீங்கன்னா, இப்பிடியே ஊட்டுக்குப் போயிருவேன். கேக்கறதக் கட்டிப்போடுங்க!”

பாலகோபால் கார்டை நீட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அப்படியே நீட்டினார்கள். பெட்டி தராசுக்கு வருமுன் கார்டு வந்தது.

சென்னை விமானம் மேலேறியது. சுப்பண்ணன் மட்டும் தரையில், தேங்காய்களுக்கு நடுவே, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார்.

லோகப்பிரியா ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். “சுப்பண்ணா, சட்டுனு மறுக்கா அடுக்குங்க. ஐதராபாத் கூட்டம் வந்துருச்சு!”