வெள்ளிக்கிழமைத் தூக்குச்சட்டி

"உப்பு பத்துமா, மீனா?" என்று கேட்டுவிட்டு, அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றார் காளிமுத்து. அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. பக்கவாதத்தில் பேச்சு போன நாளிலிருந்து மீனம்மா வாய் திறந்ததில்லை.

ஆனாலும் அவள் பின்னால் நிற்பது அவருக்குத் தெரிந்தது. கடுகு டப்பாவைத் தேடாமலே கை அதன்மேல் போய் விழும். தாளிக்கும் நேரத்தில் பிடரியில் மூச்சுக்காற்று படும். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் வெறும் சுவர்தான் இருக்கும்.

மீனம்மா இறந்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

அவளும் பிலோமினாவும் பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். பிலோமினா, உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்புக்காரி. முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் சாப்பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டார்களாம்.

ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. மீனம்மாவின் ஊரான சுங்கை ரம்பாயிலிருந்து தொழிற்சாலை வேன் ஓட்டும் சுரேன், வெள்ளிக்கிழமை காலையில் மீனம்மாவின் தூக்குச்சட்டியை பிலோமினா வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போவான். சாயங்காலம் அதே சட்டி நிறைந்து கேட்டில் தொங்கும்; அதைத் திரும்ப எடுத்து வருவான். மீனம்மாவுக்குப் பேச்சு போனதும் தொலைபேசி அழைப்புகள் நின்றன. சமைக்கும் கை மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சட்டிதான் அவர்களுக்குள் பேச்சு. கணவன்மார்கள் இருவரும் ஒரு கல்யாணத்தில் பார்த்துத் தலையாட்டிக்கொண்டதோடு சரி.

மீனம்மா இறந்த வாரம் பிலோமினா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்தச் செய்தி அவளையும் கொண்டுபோய்விடும் என்று பயந்து, யாரிடமும் சொல்ல வேண்டாமென சுரேனைத் தடுத்துவிட்டார் காளிமுத்து. மூன்றாவது வாரம் அவன் தூக்குச்சட்டியோடு வந்து நின்றான். மீனம்மா கடைசியாக அனுப்பிய அதே சட்டி, பிலோமினா வீட்டு கேட்டில் தொங்கியதாம். அந்த ஆன்ட்டி தேறிவிட்டார் போல என்றான். உள்ளே போர்த்துகீசியர் வீடுகளில் கடுகு அரைத்துக் காரமாக வைக்கும் கோழி டெபால் கறி, சூடு ஆறாமல் இருந்தது.

சாவு வீட்டில் அழாத காளிமுத்து, அதை ஒரு வாய் வைத்ததும் அழுதார். உலகத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும் மீனம்மா இன்னும் உயிரோடு இருந்தாள். சட்டியை வெறுமனே திருப்பி அனுப்ப அவருக்குக் கை வரவில்லை. அதுவரை தேத்தண்ணி கலக்க மட்டுமே தெரிந்தவர், மறு வெள்ளிக்கிழமை பருப்புக் குழம்பு வைத்தார்.

அப்படியே மாதங்கள் ஓடின. பிலோமினாவின் கைப்பக்குவம் பழையபடி இல்லை. டெபாலில் கடுகு கசந்தது. உருளைக்கிழங்கு தோலோடு கிடந்தது. நோய்ப்பட்ட உடம்பு, கை தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

போன வாரம் சுரேன் வந்து தயங்கி நின்றான். குருபோங்கில் வேறு வேலை கிடைத்துவிட்டதாம். இனி உஜோங் பாசிர் பக்கம் வண்டி போகாதாம்.

"அவங்ககிட்ட சொல்லிடுங்க அங்கிள். எத்தன நாளைக்குத்தான் இப்படி?" என்றான்.

இன்று அவரே பஸ் ஏறினார். மடியில் இருந்த சட்டியின் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் ஏறியது. வழியில் ஏறிய மலாய்க்காரப் பெண் ஒருத்தி, பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பிறகு வெட்கப்பட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார்.

பிலோமினாவின் கணவர் ஜோக்கிம்தான் கேட்டைத் திறந்தார். இரண்டு விரல்களில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மேலெல்லாம் வெங்காய வாடை. காளிமுத்துவையும் சட்டியையும் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. ஒரு காலத்தில் தமிழர்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்றவர். தமிழ் சரளமாக வரும். மீனம்மா எப்படி இருக்கிறார் என்று மெல்லக் கேட்டார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் காளிமுத்துவின் நினைவுக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"மீனம்மா போயி ஏழு மாசமாச்சு. உங்க வீட்டம்மா தாங்க மாட்டாங்கன்னு மறச்சிட்டேன். இத்தன நாளும் நான்தான் சமைச்சு அனுப்புனேன். அவங்ககிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

ஜோக்கிம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது, அவர் அசையவில்லை.

"அப்ப நான் செஞ்சு அனுப்புனதெல்லாம் யாரு சாப்ட்டது?"

"நான்தான்," என்றார் காளிமுத்து. சொல்லி முடித்த பிறகே அந்தக் கேள்வி அவருக்கு உறைத்தது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா செஞ்சீங்க?"

ஜோக்கிம் கையை நீட்டி, சட்டியை வாங்கிக்கொண்டார்.

"பிலோமினா ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வரவே இல்ல."