முழு வேகம்

பால் பொங்கியது. அடுப்பை அணைத்தான்.

காபி கலந்தான். சர்க்கரை போட மறந்துவிட்டான். அப்படியே குடித்தான்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். துணி காயப்போட்டான். மடிக்கணினியைத் திறந்தான்.

மேசை மூலையில் ரவுட்டரின் பச்சை விளக்குகள் துடித்துக்கொண்டிருந்தன.

ரவுட்டர்களுக்கு மென்பொருள் எழுதுவது அவன் வேலை. புதிய பெட்டி ஒன்று விற்பனைக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் அதில் எதையும் தொடமாட்டார்கள். எப்படி வைத்து அனுப்புகிறார்களோ அப்படியே வருடக்கணக்கில் ஓடும்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

வன்பொருள் முடுக்கம். திறந்து அனுப்புவதா, மூடி அனுப்புவதா.

திறந்து வைத்தால் தரவெல்லாம் மென்பொருளைத் தொடாமல் சிப் வழியாகக் குறுக்கே பாய்ந்துவிடும். வேகப் பரிசோதனையில் முள் கடைசிவரை போகும். ஆனால் பேச்சு முதலில், கோப்பு பிறகு என்று எழுதிய விதியை எதுவும் மதிக்காது. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை ஏற்றினால் இன்னொருவரின் அழைப்பு திணறும்.

அந்த விதியை எழுதியவன் அவன்தான்.

போன மாசியில் ஒரு காலை, முள் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க, வீட்டுப் பெட்டியில் முடுக்கத்தைத் திறந்தான். கடைசிவரை போனது. படம் எடுத்து அலுவலகக் குழுவில் போட்டான். கைதட்டல்கள் வந்து விழுந்தன.

மூட மறந்துவிட்டான்.

பிறகு அலுவலகக் கோப்பை ஏற்றத் தொடங்கினான்.

அடுத்த அறையில் அவன் மனைவி மருத்துவரோடு வீடியோ அழைப்பில் இருந்தாள். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. அதைச் சொல்வதற்குள் மருத்துவரின் முகம் உறைந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடி உறைந்தது. மாலைக்கு நேரம் மாற்றிக் குறுஞ்செய்தி வந்தது.

மதியம் குளியலறை வாசலில் விழுந்தாள்.

காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது, வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் உடனே வரச் சொல்லியிருப்பேன் என்றார் மருத்துவர், பிற்பாடு.

இப்போது மடிக்கணினியில் அலுவலக அழைப்பு வந்தது. கூட வேலை பார்க்கும் சர்புதீன்.

"தல, திறந்தே அனுப்பிடலாம். ஸ்பீடு குறைஞ்சா நம்மளத்தான் திட்டுவான். வீடியோ கால் கட்டானா எவனும் பெட்டியத் திட்டமாட்டான். எதிராளி நெட்டத்தான் திட்டுவான்."

உண்மைதான்.

அன்று அவனும் மருத்துவரின் நெட்டைத்தான் திட்டினான். தலையைத் திருப்பாமல்.

படிவத்தில் 'மூடி அனுப்புக' என்று குறித்தான்.

காரணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. அதில் கர்சர் துடித்தது.

மகள் கடைசியாக அவன் பெயரைத்தான் சொன்னாள் என்று சாவு வீட்டில் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். அவன் மறுக்கவில்லை. நான்கு பேர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பெயரெல்லாம் சொல்லவில்லை.

அன்று அழைப்பு அறுந்ததும் அவன் அறை வாசலில் வந்து நின்றாள். ஏறிக்கொண்டிருந்த கோப்பைப் பார்த்தாள். சிரித்தாள்.

"சரி, நீ உன் வேலைய முடி. டாக்டர் எங்க ஓடிடப் போறாரு? சாயங்காலம் பேசிக்கறேன்."