கால் படாத இடம்

இந்த இலை விரிந்து முடிகிற வரைக்குமாவது மதினி வராமல் இருந்தால் போதும்.

பவுனு அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முன்னறை மூலையில், செடியின் எதிரே உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டாள்.

உச்சியில் பழுப்பு உறை பாதி கழன்றிருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த இலையின் நுனி, ஈர மினுக்கோடு வெளியே எட்டிப் பார்த்தது.

இது ஏழாவது.

கீழே மினிடோர் ஆட்டோ வந்து நின்றது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் குவார்ட்டர்ஸில் எந்த வண்டி வந்தாலும் மாடி வரைக்கும் கேட்கும். படியேறி வந்த மெட்டிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, கணவனின் அக்கா மலையம்மாள்தான். போனில் சொன்னபடியே கோம்பையிலிருந்து வண்டியோடு வந்துவிட்டாள், செடியை ஏற்றிக்கொண்டு போக.

பவுனு எழுந்திருக்கவில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்திருந்த பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, இலைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கும்போது இடது கையை இலைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்வாள். தாங்காவிட்டால் கழுத்து ஒடிந்துவிடும்.

எதிர்வீட்டு மலையாளத்து அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். மாற்றலாகிக் கொச்சிக்குப் போகும்போது தொட்டியைத் தூக்கிவந்து இந்த மூலையில் வைத்தவள் அவள்தான். இலை பிடில் மாதிரி இருப்பதால் பிடில் செடி என்றாள். "மாற்றருது, கேட்டோ" என்று இரண்டு முறை சொன்னாள். இடத்தை மாற்றினால் இதற்குப் பொறுக்காது, இலையைக் கொட்டிவிடும்.

பவுனுக்கு அப்போது நாலு மாதம்.

"ஏத்தா பவுனு, இன்னும் இது மூஞ்சியத் தொடச்சு முடியலயா? பவுடர் ஒண்ணுதான் பாக்கி, அதையும் போட்டு விடு" என்றபடி மலையம்மாள் உள்ளே வந்தாள். பவுனுவின் தலையை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

பவுனு அடுத்த இலைக்குத் துணியைக் கொண்டுபோனாள்.

"ஆலு, அரசு, அத்தின்னு பால் வடியுற சாதி எதையும் வீட்டுக்குள்ள வைக்கப்படாதுன்னு பூசாரி அடிச்சுச் சொன்னாகத்தா. இது வந்து அஞ்சே மாசத்துல என்ன ஆச்சுன்னு நீயே பாத்தீல்ல?"

என்ன ஆச்சு என்பதை இந்த வீட்டில் யாரும் பேர் சொல்லிப் பேசுவதில்லை. அதற்குப் பேரும் வைக்கவில்லை. பிறந்தது, அழவில்லை. கணவன் விஜயகுமாரும் வேறு இரண்டு பேரும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த இடம் என்று பெற்றவளுக்குச் சொல்லக் கூடாதாம். அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் செடி வளர ஆரம்பித்தது. அதுவரை மாதத்துக்கு ஒரு இலை விட்டதோடு சரி. அதற்குப் பின் இதோடு ஏழு.

மதியத்தில், விஜயகுமார் வேலைக்குப் போனபின், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்போது அந்த மூலையிலிருந்து சின்னதாக உறிஞ்சுகிற சத்தம் வரும். தண்ணீர் மண்ணில் இறங்குகிற சத்தம் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பதும் தெரியும்.

அவளுக்குப் பயமாக இருந்ததே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

"குடுத்து விட்ரு பவுனு" என்றான், இன்றைக்கு லீவு போட்டு வீட்டிலிருந்த விஜயகுமார். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா நல்லதுக்குத்தான சொல்லுது."

"நான் என்ன வெட்டியா போடப் போறேன்? வாய்க்கா கரையில நட்டு வச்சிர்றேன். அங்கன மண்ணு இருக்கு, தண்ணி இருக்கு. அது பாட்டுக்கு மரமாகட்டும்."

சொல்லிக்கொண்டே மலையம்மாள் அடியிலிருந்த இலை ஒன்றைச் சட்டென்று ஒடித்தாள். ஒடித்த காம்பிலிருந்து வெள்ளையாகப் பொங்கிச் சொட்டியது.

"பாத்தியா தம்பி, எம்புட்டுப் பாலுன்னு."

தரையில் விழுவதற்குள் பவுனு உள்ளங்கையை நீட்டி ஏந்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் மார்பு இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டன. காய்ச்சல். டம்ளரைக் கையில் கொடுத்துப் பீய்ச்சச் சொன்னது இதே மலையம்மாள்தான். "சாக்கடையில ஊத்திராதத்தா, கால் படாத எடமாப் பாத்து ஊத்து" என்றாள். சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

மாடி வீடு. படியில் ஆள் ஏறி இறங்கும். கீழே வாசலில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் கால் படாத மண் ஒரே ஒரு தொட்டியில்தான் இருந்தது.

ஒன்பது நாள், வேளைக்கு ஒரு டம்ளர்.

எங்கே ஊற்றினாய் என்று மதினி கேட்கவே இல்லை.

கீழே மினிடோர்க்காரன் ஹாரன் அடித்தான். விஜயகுமார் குனிந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்தான்.

பவுனு ஒடிந்த காம்பின் மேல் துணியை வைத்து அழுத்திக்கொண்டாள். மறு கையால் அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"வாய்க்கா கரை வேணாம்" என்றாள். "அங்கன கால் படும் மதினி."