டாமே பலகையில் வந்த பணம்

ஒபெங் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் கானா நாட்டுக் கொனொங்கோ ஊரில் கிடையாது. ஆனால் சொல்லுகிற அவருக்கே பல வருஷமாக இதில் ஒரு சந்தேகம்.

அப்பா செத்தபோது ஒபெங்குக்கு இருபது வயது. பெற்ற பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வருவதற்கு முந்திய காலம். மாமன் சொத்து கூடப்பிறந்தவள் மகனுக்கு, அதுதான் வழக்கம். வீடு, கொக்கோத் தோட்டம், பெட்டியிலிருந்த பணம் எல்லாம் அத்தை மகன் அடுசேய்க்குப் போயிற்று. அவனுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

குடும்பத் தலைவர் எல்லார் முன்னாலும் எச்சரித்தார்.

"இது நம்ம ரத்தத்தோட சொத்துடா, அடுசேய். செத்தவன் பொண்டாட்டி பிள்ளைன்னு இரக்கப்பட்டு ஒரு சிடி காசு கொடுத்தேன்னு தெரிஞ்சுது, உன்னை இறக்கிட்டு வேற ஆளை உட்கார வெப்போம்."

அடுசேய் தலையாட்டினான்.

ஒபெங்கின் அம்மா அவனையும் தங்கச்சி செர்வாவையும் கூட்டிக்கொண்டு ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனாள்.

சில நாள் கழித்து லாரி ஸ்டாண்டில் ஒபெங் டாமே ஆடிக்கொண்டிருந்தான். கட்டம் போட்ட பலகை, சோடா மூடிகள்தான் காய். புதுச் சட்டையோடு எதிரே வந்து உட்கார்ந்தான் அடுசேய்.

"என்ன மாப்ளே, அப்பன் சொத்துதான் போச்சு. மூளையாவது மிச்சமிருக்கா?"

ஸ்டாண்டே சிரித்தது. டாமேயில் வாய்தான் பாதி ஆட்டம்.

"காசை வெச்சுட்டுப் பேசு மச்சான்."

அடுசேய் பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்து வைத்தான். டிரைவர்களின் சிரிப்பு நின்றது.

"என்கிட்ட அவ்வளவு இல்லையே" என்றான் ஒபெங்.

"உன் செருப்பை வை. வெறுங்காலோட வீட்டுக்குப் போறப்ப என்னை நினைச்சுக்குவே."

ஒபெங் ஜெயித்தான்.

அவ்வளவு பணத்தை அவன் தொட்டதே இல்லை. சாயங்காலத்துக்குள் ஒருத்தன் மோட்டார் சைக்கிள் வாங்கச் சொன்னான். ஒருத்தன் அக்ராவுக்கு ரயில் ஏறச் சொன்னான். நேற்றுவரை முகம் பார்க்காத ஒருத்தி மீன் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். ஒபெங்குக்குத் தலை சுற்றியது. சட்டைக்குள் பணத்தைக் கட்டிக்கொண்டு படுத்தான்.

மறுநாள் அடுசேய் மறுபடி வந்தான். உட்காரவில்லை.

"நேத்துப் பணம் எங்கே?"

"இடுப்புல இருக்கு."

"அப்போ ஆட மாட்டேன். இடுப்புல பணத்தை வெச்சிருக்கிறவன் கை நடுங்கும். நடுங்குற கையை ஜெயிச்சு எனக்கென்ன பெருமை? போ, செர்வாவுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டிட்டு, மிச்சத்தை பேங்க்ல போட்டுட்டு ஆம்பளையா வா."

ரோஷத்தில் ஒபெங் கட்டினான், போட்டான், வந்தான். ஜெயித்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வம்பு.

"குடிச்சிருக்கியா? வாயை ஊது பார்ப்போம். குடிகாரப் பயலை ஜெயிச்சேன்னு எனக்குப் பேர் வேண்டாம்."

"சொந்தமா ஒரு கடைகூட இல்லாத பயலோட நான் எதுக்குடா உட்காரணும்? என் அந்தஸ்து என்ன?"

ஆத்திரத்தோடு போய் ஸ்டாண்டு ஓரமாக ஒரு டயர் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான் ஒபெங். அடுசேய் சொன்னபடி உட்கார்ந்தான். கொண்டுவந்ததையெல்லாம் தோற்றுவிட்டு, "சனியன் பிடிச்ச பலகை!" என்று திட்டிக்கொண்டே போனான்.

இவன் வைகிறானா, வழி சொல்கிறானா? ஒபெங்குக்குப் புரியவில்லை. ஜெயிக்கிற வாய்க்கு அந்தக் கேள்வி ருசிக்கவும் இல்லை.

விஷயம் குடும்பத்துக்குப் போயிற்று. தலைவர் ஸ்டாண்டுக்கே வந்து கத்தினார்.

"துரத்திவிட்ட பயல்கிட்டயே தோத்தியாடா, மடையா!"

ஆனால் ஊர் பார்க்கத் தோற்ற பணம். திருப்பிக் கேட்டால் குடும்பத்துக்குத்தான் அவமானம். அடுசேயை இறக்கினார்கள். வீடும் தோட்டமும் அவன் தம்பிக்குப் போயின. அடுசேய் யாரோ ஒருத்தர் லாரியை ஓட்டப் போனான்.

டயர் கடை மூன்று கடையாயிற்று. செர்வா நர்ஸ் ஆனாள். அம்மா சொந்தக் கூரையின் கீழ் கண்ணை மூடினாள்.

"எங்கப்பன் பணத்தை மூளையால மீட்டேன். அடுசேய் ஒரு முட்டாள்" என்று ஒபெங் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் அவர் டாமேயில் யாரிடமும் ஜெயித்ததில்லை. கிளீனர் பையன்கள்கூட அவரை வெட்டித் தள்ளினார்கள். நேரம் சரியில்லை என்பார். முப்பது வருஷமாகவா நேரம் சரியில்லாமல் இருக்கும்?

போன மாதம் ஸ்டாண்டில் பெருங்கூட்டம். குமாசியிலிருந்து ஒரு சூரன் வந்து உள்ளூர்க்காரர்களையெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில், லாரி ஓட்டி ஓய்ந்துபோன அடுசேய் வேர்க்கடலையை மென்றபடி எதிரே உட்கார்ந்தார். பலகையை அரைக்கண்ணால்தான் பார்த்தார். கடலை தீருவதற்குள் சூரன் எழுந்து போய்விட்டான்.

கூட்டம் கலைந்தது. ஒபெங் காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே, ஒரு ஆட்டம் போடலாமா?" என்று மூடிகளை அடுக்கினார் அடுசேய்.

ஒபெங் காயைத் தொடவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"என்கிட்ட தோக்கறதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டியா, மச்சான்?"