லாரிக்குப் பயந்த கண்ணாடி

மரகதத்தின் சைக்கிளில் ஒரு மணியும் ஒரு கண்ணாடியும் இருந்தனவாம். பின்னால் வருகிற லாரியைக் காட்டுவதுதான் கண்ணாடியின் வேலை. ஒரு நொடி தவறினாலும் மரகதத்தை லாரி அடித்துவிடுமே என்று அதற்கு எப்போதும் பயம்.

ஒருநாள் மரகதம், மோட்டார் வண்டிகளே நுழைய முடியாத காட்டுப் பாதையில் சைக்கிளை விட்டாள். இரண்டு பக்கமும் மூங்கில்.

"ஐயோ, பின்னால ஏதோ வருது!" என்றது கண்ணாடி.

"காஞ்ச இலைடா அது," என்றது மணி.

"இப்ப நிச்சயமா வருது!"

"அது நம்ம நிழல். லாரியே இல்லாத ஊர்ல நீயா ஒரு லாரி செஞ்சிடுவே போல!"

"உனக்கென்ன, சிரிப்பே. நான் அசந்தா அவளுக்கு யாரு பொறுப்பு?"

காட்டைத் தாண்டியதும் கோட்டை மதிலுக்குள் ஒரு பழைய ஊர் வந்தது. மதில் வாசலில் மரகதத்தின் கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது. அவள் இறங்கி, கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"வேண்டாம், திருப்பாதே!" என்று கண்ணாடி அலறியது. அவளுக்கு அது கேட்கவா போகிறது? பூச்சியை எடுத்துவிட்டு, கண்ணாடியை அப்படியே விட்டு ஏறி மிதித்தாள்.

ஓடுகிற சைக்கிளில் அவள் முகத்தைக் கண்ணாடி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் புருவத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உதடு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மணி சீண்டியது: "என்னப்பா, பின்னால ஏதாவது வருதா?"

"தெரியலையே," என்றது கண்ணாடி. "அவ பாடுறா, பேசாம வா."