தானாக மூடும் மதகு

“பதினாலாம் நம்பருக்கு மதகு தானா மூடிக்குது, செம்மொழி. அஞ்சு மணிக்குள்ள என்னன்னு கண்டுபிடி. இல்லைன்னா ரிலீஸைத் தள்ளி வெச்சிடுவாங்க. அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

சென்னையிலிருந்து பேசிய சித்தீக் சார் போனை வைத்துவிட்டார். குத்தாலத்தில், வீட்டு மாடி அறையில், செம்மொழி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றே முக்கால். வேலையோ இன்னும் நிரந்தரமாகாத வேலை.

முப்பது வருடத்துக்கு முன் பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து ஆடிய ‘பாதாளக் கோட்டை’ வீடியோ கேமை அவள் கம்பெனி புதிதாகச் செய்துகொண்டிருந்தது. வீரன் அறை அறையாகத் துழாவி, பூதங்களை வெட்டி, ஏழு மதகுகளைத் திறக்க வேண்டும். தண்ணீர் ஏறிப் படகு மிதந்தால் தப்பித்துவிடலாம். பழைய கேமில் மதகைத் திறந்தால் திறந்ததுதான். நிஜம் போல இருக்கட்டுமே என்று, மூடவும் ஒரு பொத்தான் வைத்தவள் செம்மொழி. எல்லாரும் பாராட்டினார்கள். இப்போது அதுவே தலைக்கு வந்து நிற்கிறது.

கேம் பழக்கமே இல்லாதவர்களும் ஆடிப் பார்க்கட்டும் என்று, ஊழியர்கள் ஆளுக்கொருவரைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். பெயர் யாருக்கும் தெரியாது, நம்பர்தான். இருபது பேரில் பத்தொன்பது பேர் படகேறிப் போய்விட்டார்கள். பதினாலாம் நம்பர் மட்டும் மூன்று நாளாகத் தரைதட்டிய படகில் நிற்கிறது.

அந்த ஆட்டத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு பூதம்கூட மிச்சமில்லை. நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் ஏழு மதகும் இறுக மூடிக் கிடந்தன.

தானே ஆடிப் பார்த்தாள். மதகு மூடவில்லை. மறுபடி ஆடினாள். மூடவில்லை. நாலரைக்குப் போன் அடித்தது.

“அந்தாளே மூடியிருப்பாரோ?” என்றார் சித்தீக்.

“தப்பிச்சுப் போக நினைக்கிறவரு எதுக்கு சார் மூடப்போறாரு? தப்பு என்னோடதுதான். பாத்துக்கிட்டே இருக்கேன்.”

மாடிப்படியில் காலடிச் சத்தம். அப்பா வைரக்கண்ணு வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. கையில் போன்.

“அப்பா, இப்ப எதுவும் கேக்காதீங்க. வேலையே போயிடும் போலிருக்கு.”

“சரி பாப்பா, அப்புறம் வர்றேன்.” திரும்பியவர் தயங்கி நின்றார். “இல்ல... நீ போன்ல போட்டுக் குடுத்தியே ஒரு கேம், அதுல மூணு நாளா படகு நகர மாட்டேங்குது.”

செம்மொழி நாற்காலியோடு திரும்பினாள். கணக்குக்கு ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் அவர் பெயரைக் கொடுத்திருந்தாள். அவர் அதைத் தொட்டிருப்பார் என்றே நினைக்கவில்லை.

“மதகையெல்லாம் திறந்தீங்களாப்பா?”

“ஏழையும் திறந்தேனே!”

“திறந்துட்டு?”

வைரக்கண்ணு மகளை ஏற இறங்கப் பார்த்தார். “இது என்ன கேள்வி? ஒவ்வொண்ணையும் மூடிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன். நம்ம பாட்டுக்குத் திறந்து போட்டுட்டுப் போனா, கீழ இருக்கறவன் நாத்து மூழ்கிடாதா?”